யாரும் எழுதித் தராத புகார்

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் இருபத்தாறாவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு மருந்தை விலைக்கு வாங்கிய எவரும் உரிய முறையில் விண்ணப்பித்து, உரிய கட்டணம் கட்டி, அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சோதனை முடிவைக் கையெழுத்திட்ட அறிக்கையாகப் பெறலாம்.

அரசு அலுவலகத்தில் புகார் மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு மரியாதையான பிரிவுகள் குறைவு என்று சொல்வேன். சந்தேகமா, கையெழுத்துப் போட்டுக் கேள், பதில் வரும்வரை பேசாமல் இரு என்பதுதான் அதன் சாரம். நாமக்கல்லில் நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மருந்துக்கடைக்காரர் போலி மாத்திரை விற்றார் என்று ஊரே முடிவு கட்டியது. அவர் மேல் ஒரு வரி எழுதித் தர மட்டும் யாரும் முன்வரவில்லை. அந்த மாத்திரையை விழுங்கிய பிள்ளை நான்தான் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

உங்களிடமும் என்னைப் போலவே கிழமை எழுதிய பிளாஸ்டிக் மாத்திரை டப்பா ஒன்று இப்போது இருக்கும். எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பிள்ளைகள் தொலைபேசியில் நினைவூட்டுவார்கள். நாமும் ‘சரி, சரி’ என்று சொல்லிவிட்டு நம் வசதிக்குப் போட்டுக்கொள்வோம். அந்த ‘முன்’, ‘பின்’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு மனிதரின் பெயர் எப்படி நசுங்கியது என்று சொல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி அது. அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது. முகப்பும் கூரையும் இல்லாத வெறும் சேஸிஸை, பலகைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர்கள் ஓட்டி வருவார்கள். மழையிலும் வெயிலிலும் அப்படியே வருவார்கள். சில வாரங்கள் கழித்து அதே வண்டி கிளி, தாமரை, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் என்று கல்யாணப்பெண் மாதிரி வெளியே போகும். வீட்டுக்குள் சோறு வேகும் வாசனையோடு மரத்தூள், பெயின்ட், வெல்டிங்குக்கு வைத்திருக்கும் கார்பைடு எல்லாம் சேர்ந்தே வரும். இழைப்புளி தள்ளுகிற மரச்சுருள்களைக் காதில் ஜிமிக்கியாக மாட்டிக்கொண்டு திரிவேன். அந்தச் சுருள்களை இப்போது எங்கே தேடுவது? எல்லாம் இரும்பாகிவிட்டது.

ஐப்பசி மழையில் பட்டறை பாதி நின்றிருந்த ஒரு நாள், சாய்த்து வைத்த பலகை மேலிருந்து சறுக்கினேன். ஆடுசதையில் ஒரு மரச்சிராய் ஏறியது. அப்பா குறட்டால் பிடுங்கி எறிந்தார். உள்ளே ஒரு துணுக்கு தங்கிவிட்டது யாருக்கும் தெரியவில்லை. இரண்டொரு நாளில் கால் சிவந்து, வீங்கி, தொட்டால் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

எங்கள் தெரு டாக்டர் நல்லவர், அவசரப்படாதவர். பென்சிலின் போடுவதற்கு முன் முன்கையில் ஒரு துளியைத் தோலுக்குள் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். அந்த இடம் கொசுக்கடி போல எழும்பி, அப்புறம் கொசுக்கடியைத் தாண்டி அப்பளம் போல் விரிந்தது. “இவளுக்கு பென்சிலின் ஆகாது. யார் கேட்டாலும் இதைச் சொல்லணும்” என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு எரித்ரோமைசின் என்று எழுதினார்.

எழுதிவிட்டு ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, என் காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த எல்லை நெடுகக் கோடு போட்டார். “சிவப்பு இந்தக் கோட்டுக்குள்ளேயே சுருங்கினா மருந்து கேட்குதுன்னு அர்த்தம். தாண்டினா உடனே கூட்டிட்டு வாங்க.” நீலக் கோடு கூசியது. என் காலுக்கு யாரோ பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அந்த வாசகத்தைச் சொன்னார்: “மாத்திரைய உடைக்கக் கூடாது. முழுசா, வெறும் தண்ணியில. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி.”

“சரிங்க” என்றார் அப்பா.

அப்பாவின் ‘சரிங்க’வை நான் அறிவேன். லாரி எப்போது தயாராகும் என்று கேட்கிறவர்களுக்கும் அதே ‘சரிங்க’தான். அம்மா திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவரிடம் ஆண்கள் கேட்டுக்கொள்வார்கள், வீட்டில் பெண்கள் கொடுப்பார்கள். அதுதான் எங்கள் வீட்டு நடைமுறை. கேட்டவர் கொடுப்பதில்லை, கொடுப்பவர் கேட்பதில்லை. பின்னாளில் அரசாங்கத்திலும் இதே ஏற்பாட்டைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை.

மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். பேச்சில் எங்கள் ‘ங்க’ அவ்வளவாக வராது. மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, அவர் ஊர்ப் பேச்சு அப்படி. ஆனாலும் நாமக்கல் காதுக்கு அது கொஞ்சம் மொட்டையாகத்தான் விழுந்தது. மாத்திரையைக் காகித உறையில் போட்டு, ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று மேலே எழுதி, என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாப்பா, கடிக்காம முழுங்கணும். கசக்கும்.”

சிவப்பு மாத்திரை. லாரியின் பின்விளக்கு மாதிரி பளபளப்பு.

வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தாள், என் அத்தை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்து ஆளாக்கியவள். பட்டறைக்கு முதல் போட்டது அத்தையின் நகை. அப்பா நிமிர்ந்து நின்று பேசாத ஒரே ஆள். அம்மா உறையைப் பார்த்துப் படித்தாள்:

“சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதியிருக்குதுங்க அண்ணி.”

“வெறும் வயித்துல இங்கிலீஷ் மாத்திரையா? கொடலு வெந்து போவாதா? எழுதுனவன் வந்து புள்ளைக்குக் கொடலு போட்டுத் தருவானா?”

“டாக்டரு சொன்னதா இருக்குமுங்க.”

“டாக்டரு சொன்னா உன்ற புருசன் சொல்லியிருப்பான்ல? அவன் ஒண்ணுஞ் சொல்லலியே.”

அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. எனக்கு வயிறு நிறையச் சோறு போட்டார்கள். மாத்திரையை விழுங்கத் தெரியாமல் நான் அதைச் சோற்றோடு வெளியே தள்ளினேன். அத்தை யோசித்தாள். மாத்திரை சூடு, சூட்டுக்கு மோர். அடுத்த மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நசுக்கி, நன்றாகப் புளித்த மோரில் கரைத்து, உப்பும் பெருங்காயமும் போட்டுக் கொண்டு வந்தாள்.

“குடி சாமி. ஒரே மடக்கு. அத்தை பாத்துக்கறேன்.”

வெள்ளை மோரில் சிவப்புச் சில்லுகள் மிதந்தன. அந்தக் கசப்பை இன்றும் நாக்கால் தொட முடியும். புளிப்புக்குப் பின்னால், பெருங்காயத்துக்குப் பின்னால் மெதுவாக எழுந்து வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும் கசப்பு. வேளாவேளைக்குத் தவறாமல் அத்தை கொண்டு வந்தாள். என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் புகட்டினாள். அவள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமானவள் இல்லை.

இந்த வகை மருந்துக்கு மேக்ரோலைடு என்று பெயர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கிருமியை இது வெட்டிப் போடுவதில்லை. கிருமிக்குள்ளே புரதம் கட்டுகிற பட்டறையை நிறுத்திவிடுகிறது. வேலை நின்ற பட்டறையை உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஆனால் நான் சாப்பிட்ட அந்த மாத்திரைக்கு ஒரு பலவீனம் உண்டு. வயிற்றின் புளிப்பு பட்டால் செத்துப்போகும். அதற்காகத்தான் மேலே அந்தச் சிவப்புப் பூச்சு. அத்தை பூச்சை நசுக்கி, புளிப்பில் ஊறவைத்து, சோறு செரிக்கும் வயிற்றில் இன்னும் புளிப்பு சுரக்கிற நேரமாகப் பார்த்து அனுப்பினாள். மருந்து களத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோனது.

சிவப்பு கோட்டைத் தாண்டியது. டாக்டர் மேலே இரண்டாவது கோடு போட்டு, அதே மாத்திரையை இன்னும் கொஞ்சம் எழுதினார். அப்பா வண்டி ஒப்படைக்க வெளியூர் போயிருந்ததால் அந்த முறை அம்மாவே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டப்படி இது முக்கியம். இரண்டாவது கோட்டையும் சிவப்பு தாண்டியது. முழங்காலுக்கு மேல் மூன்றாவது கோடு போட்டபோது டாக்டரின் பேனா நின்று நின்று நகர்ந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. “சேலம் கொண்டு போயிருங்க. இன்னைக்கே” என்றார், ஊரிலிருந்து திரும்பியிருந்த அப்பாவிடம்.

பெயின்ட் காய்ந்தும் காயாமலும் நின்ற ஒரு புது லாரியின் முன்சீட்டில், அம்மா மடியில் காலைப் போட்டுக்கொண்டு நான் சேலம் போனேன். வழியெல்லாம் வார்னிஷ் நாற்றம். ராசிபுரத்தில் நிறுத்தி டிரைவர் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். அதைக் குடித்தேனா என்று நினைவில்லை.

சேலத்து டாக்டர் காலைப் பார்த்தார், மூன்று கோடுகளைப் பார்த்தார், அப்பா நீட்டிய மாத்திரைப் பட்டையைப் பார்த்தார்.

“சரியான மருந்துதானே இது. எப்படிக் குடுத்தீங்க?”

“எங்கூரு டாக்டரு சொன்னபடிதானுங்க” என்றார் அப்பா, முழு நம்பிக்கையோடு.

டாக்டர் பட்டையை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். “காலைத் திறந்து சீழை எடுத்துடறேன். இதே மருந்த இங்க எங்க நர்ஸ் கையால குடுத்துப் பாப்போம்.”

அவர் எதைச் சந்தேகப்பட்டார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கு அன்று வேறு மாதிரி புரிந்தது.

தங்கியிருந்த மரத்துணுக்கும் சீழோடு வெளியே வந்தது. நர்ஸ் கறாரானவர். விடிந்ததும், நான் எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஆஸ்பத்திரி மாத்திரையோடு வந்து நிற்பார். “நாக்கு மேல வெச்சு, தண்ணிய வாய் நிறைய எடுத்து, அண்ணாந்து பாக்காம குனிஞ்சு முழுங்கு” என்று கற்றுக்கொடுத்தார். குனிந்ததும் மாத்திரை உள்ளே போய்விட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அத்தை பஸ் பிடித்து வந்தாள். கையில் தூக்குப்போசி நிறைய மோர்.

“யாருங்க இது? மாத்திர வேளையில மோரு எதுக்கு?” என்றார் நர்ஸ்.

“ஊட்டுல அதுலதான் கரச்சுக் குடுத்தமுங்க.”

“கரைச்சா? உடைச்சா?” நர்ஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “அதான் கேக்கல! வயித்துப் புளிப்பே மருந்தத் தின்னுருச்சு. நல்லா இருக்குது போங்க!”

அத்தையின் முகம் சுருங்கியது. அவள் அதை மருந்தைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, தன் மோரைப் பற்றிய அவமதிப்பாக எடுத்துக்கொண்டாள். “எங்கூட்டு மோருல என்ன குத்தம்? இவ பேச்சும் இவ தொப்பியும்!” என்று முணுமுணுத்தபடி போசியைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அம்மா சுவரோரம் நின்றிருந்தாள். நர்ஸின் சொற்கள் அவளுக்குள் போய் இறங்கியதை நான் பார்த்தேன். அப்பா அப்போது வெளியே டீக்கடையில் இருந்தார்.

சிவப்பு மூன்றாவது கோட்டுக்குள் வந்தது. பிறகு இரண்டாவது. பிறகு முதலாவது. அப்பா ஒவ்வொரு காலையும் குனிந்து பார்த்தார். கடைசியில், எங்களைப் பார்க்க வந்த லாரி டிரைவரிடம் தீர்ப்பைச் சொன்னார்:

“அதே பேரு, அதே கலரு. சேலத்து மாத்திரையில கேக்குது, நம்மூரு மாத்திரையில கேக்கல. என்னங்க அர்த்தம்?”

“டூப்ளிகேட்டுங்க” என்றார் டிரைவர்.

நாமக்கல்லில் வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு வேகமாகப் பரவாது. பேரிங் போனால் டூப்ளிகேட், பிரேக் லைனிங் போனால் டூப்ளிகேட். உள்ளூரில் வாங்கிப் போட்ட சாமான் உடைந்து, சேலத்தில் வாங்கிப் போட்டது ஓடினால், முதல் சாமான் போலி. லாரித் தொழிலில் அது பெரும்பாலும் சரியான கணக்கு. நல்ல மெக்கானிக் அதோடு இன்னொன்றும் கேட்பான்: மாட்டினது யார்? அப்பா பட்டறையில் தினமும் கேட்கிற கேள்வி அது. மகளின் காலுக்கு மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை.

நான் நொண்டிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் பார்த்தால் “வாங்க, சௌக்கியமுங்களா?” என்று முன்னைவிட அதிகமாகவே விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு எதிர்க்கடையில் மருந்து வாங்கினார்கள். ஒரு மனிதரின் மேல் எழுத்தில் புகார் கொடுப்பது எங்கள் பக்கத்தில் அவருடைய குடும்பத்துக்கே செய்யும் துரோகம் மாதிரி. வாய்ச்சொல்லில் வண்டியையே கைமாற்றுகிறவர்கள் நாங்கள். அதனால் அவர் தொழிலை மட்டும் வாயாலேயே, முழு மரியாதையோடு முடித்து வைத்தார்கள்.

மார்கழியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நின்று நாற்காலி போட்டார். அம்மா காபி கொண்டு வந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குதுங்க. உங்க புண்ணியம்” என்றார் அப்பா. எந்தக் கூச்சமும் இல்லாமல்.

“சார், உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்தேன். என் மேல ஒரு புகார் எழுதிக் குடுங்க.”

அப்பா பதறிப்போனார். “சேச்சே! என்னங்க பேச்சு இது?”

“நான் சேலம் போய் மருந்து இன்ஸ்பெக்டரைப் பாத்தேன். என் கடைய வந்து சோதிங்கன்னு கேட்டேன். புகாரே இல்லாம எதைச் சோதிக்கறதுன்னு கேக்கறாரு. நானே அனுப்பினா, நல்ல மாத்திரையா பொறுக்கி அனுப்பினேன்னு சொல்லுவாங்க. வாங்கினவங்க குடுத்தாத்தான் எடுபடும்.”

“அதெல்லாம் வேண்டாமுங்க. நாங்க உங்களத் தப்பா ஏதாச்சும் சொன்னமுங்களா?”

“சொல்லல சார். யாருமே சொல்லல. அதான் என்னால பதில் சொல்ல முடியல.” அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “பங்குனி முடிஞ்சா கடைச் சாவிய ஓனர்கிட்ட குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். தொழில் போனா போவுது. இந்தப் பேரோட ஆத்தூர்ல போய் நான் எந்தக் கடையத் திறக்க முடியும்? மருந்து விக்கறவனுக்குப் பேர விட்டா என்ன இருக்கு?”

“அப்படியெல்லாம் நெனைக்காதீங்க. உங்க மேல எழுத்துல குடுக்கறதாவது! எங்களுக்கு அந்தப் புத்தி இல்லீங்க” என்றார் அப்பா. தான் பெருந்தன்மையாக நடந்துகொள்வதாக அவர் உண்மையிலேயே நம்பினார். அவருடைய கண்கூடக் கலங்கியிருந்தது.

கடைக்காரர் எழுந்து போனார். ஆறிய காபியை அம்மா வெகுநேரம் எடுக்காமல் நின்றிருந்தாள்.

அவள் ஏன் அப்போதே அப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் வளர்ந்த பிறகு கேட்டிருக்கிறேன். சொல்லியிருந்தால், அது மருந்தைப் பற்றிய செய்தியாக இருந்திருக்காது. நாத்தனார் மேல் மருமகள் சொன்ன கோள் ஆகியிருக்கும். பிள்ளையை மடியில் போட்டுப் பார்த்தவள் அத்தை. மோர் குடித்து மருந்து கெடும் என்று அப்பா ஏன் நம்ப வேண்டும்? டூப்ளிகேட் என்கிற, எல்லோருக்கும் வசதியான காரணம் கையில் இருக்கும்வரை இன்னொரு காரணத்துக்கு அந்த வீட்டில் இடமில்லை. முதலில் அந்தக் காரணத்தை யாராவது அப்புறப்படுத்த வேண்டும். அப்புறப்படுத்தும் அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டும் இருந்தது.

தை பிறந்ததும் ஒரு மத்தியானம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் அவர் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரியில் தூசி. எடை பார்க்கும் சின்னத் தராசின் ஒரு தட்டில் எறும்பு ஊர்ந்தது.

“அண்ணா, புகார்னா எப்படி எழுதோணும்?”

அவர் எழுந்துவிட்டார். “நீங்களாம்மா? சார் ஒத்துக்கிட்டாரா?”

“அவருக்குத் தெரியாதுங்க. ரெண்டாந்தடவ வாங்குனது நாந்தானே? நான் எழுதுனா செல்லுமில்லீங்க?”

“செல்லும். ஆனா... நீங்க என்னை நிஜமாவே சந்தேகப்படறீங்களா?”

அம்மா தராசுத் தட்டிலிருந்த எறும்பை விரலால் தட்டிவிட்டாள்.

“உங்க மாத்திர நல்ல மாத்திரைங்கண்ணா. அது எனக்குத் தெரியும்.”

“தெரியுமா? தெரிஞ்சா அதை ஊர்ல சொல்லுங்களேம்மா!”

“நான் சொன்னா ஊடு ரெண்டாயிரும். சொன்னாலும் நம்பமாட்டாங்க. காயிதம் சொன்னா நம்புவாங்க.” முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிச்ச மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். பிரிக்காமல் அப்படியே இருந்தது. “சந்தேகம்னே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

அவர் நிரபராதி என்று அந்த ஊரில் திட்டவட்டமாகத் தெரிந்தவள் அவள். அவர் மேல் புகாரில் கையெழுத்திட்டவளும் அவள்தான். நான் பிற்காலத்தில் எத்தனையோ புகார்களைப் படித்திருக்கிறேன், பெரும்பாலும் பொறாமை, சில சமயம் நியாயம். ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அவர் மேலேயே எழுதப்பட்ட புகாரை மறுபடி பார்த்ததில்லை. கடைக்காரர் தன் மேலான புகாரைத் தன் கையாலேயே எழுதினார், அழகான கையெழுத்து. அம்மா கீழே பெயரைப் போட்டாள். மாத்திரைப் பட்டையை ஒரு டப்பாவில் வைத்து, துணி சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். அரக்கு வாசனை பிடித்திருந்ததால் நான் இன்னும் கொஞ்சம் உருக்கச் சொன்னேன். உரிய கட்டணத்தோடு பார்சல் மெட்ராஸில் இருந்த அரசுப் பகுப்பாய்வாளருக்குப் போனது.

பிறகு காத்திருப்பு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அம்மா கையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போவாள். பட்டறைக்கு வந்த பில்களை வாங்கிக்கொண்டு திரும்புவாள். மாசி போனது. என் காலில் நீலக் கோடுகள் மறைந்து, கீறிய இடத்தில் ஒரு பளபளப்பான தழும்பு மட்டும் நின்றது. மருந்துக்கடையில் பாதி அலமாரி காலியாகிவிட்டதாக, சரக்கைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். “பாவம், நல்ல மனுசன்” என்றும் சொன்னார்கள். போகிறவரைப் பற்றி எங்கள் ஊரில் நல்லபடியாகத்தான் பேசுவார்கள்.

பங்குனியில் ஒரு காலை, தபால்காரர் பட்டறை வாசலில் நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் அப்படிச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இழைப்புளி நின்றது. கவரை வாங்கியது அப்பா.

“என்ன இது, உன்ற பேருக்கு? மெட்ராஸுலிருந்து?” பிரித்து, இங்கிலீஷில் இருந்ததை மெதுவாக எழுத்துக்கூட்டினார். பாதியில் நிமிர்ந்தார். “நீ எழுதிக் குடுத்தியா? அந்த மனுசன் மேல? எழுத்துலயா?”

“ஆமாங்க.”

“நம்ம ஊட்டுப் பொம்பள ஒருத்தர் மேல காயிதம் போடறதா? ஊரு என்ன சொல்லும்?”

“முழுசாப் படிங்க” என்றாள் அம்மா. அவளை அவ்வளவு சத்தமில்லாமல், அவ்வளவு அழுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் முழுசாகப் படித்தார். சோதித்த மாத்திரை தரமானது. மருந்தின் அளவு சரியாக இருக்கிறது. அவர் உதடுகள் இரண்டாம் முறையும் அதே வரியில் அசைந்தன. சமையலறைக் கதவருகில் அத்தை வந்து நின்றாள். அன்று அவளுக்குக் கிருத்திகை விரதம், பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

“நல்ல மாத்திரைன்னா,” என்றார் அப்பா மெதுவாக, “அப்பறம் ஏன் கேக்கல?”

அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. “மாத்திரைய உடைச்சு, சாப்பாட்டுக்குப் பொறகு மோருல கரச்சுக் குடுத்தமுங்க. அப்பிடிக் குடுத்தா மருந்து செத்துருமாம். சேலத்துல நர்ஸம்மா சொன்னாங்க.”

அப்பாவின் பார்வை தானாக அக்கா பக்கம் போய், பாதியிலேயே பயந்து நின்றது.

“என்னடா பாக்கறே?” என்றாள் அத்தை. “அவ ஒண்ணுங் கரைக்கல. கரச்சது நானு. அந்தத் தொப்பிக்காரி என்ற மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னா. மோரச் சொல்றாளேன்னு எனக்கு ஆத்திரம். உனக்கு டாக்டரு சொன்னாரா, சொல்லலியா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “சொன்னாருங்கக்கா.”

“அத ஊட்டுல வந்து சொன்னியா?”

அப்பா காகிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தார்.

“அந்த மனுசனுக்குப் பேரக் கெடுத்தது நாம மூணு பேரும். அந்தக் காயிதத்த இப்பிடிக் குடு.” படிக்கத் தெரியாதவள் கவரை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். “செருப்ப எடு சாமி” என்றாள் என்னிடம்.

கடைவீதியில் சந்தைக் கூட்டம். அத்தை நேராகப் போய் மருந்துக்கடைப் படியில் நின்றாள். அவர் அட்டைப்பெட்டியில் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, மூட்டு வலிக்கு ஏதாச்சும் சத்து மாத்திர இருந்தா ஒண்ணு குடுங்க. அப்பிடியே ஒரு சொம்பு தண்ணியும்.”

அவருக்குப் புரியவில்லை. தேடி ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். “இதை வீட்டுக்குப் போய்...”

“இல்லீங்க, இப்பவே.” அத்தை தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தன் வாழ்நாளில் இங்கிலீஷ் மருந்தை நாக்கில் வைக்காதவள் அவள். அது அந்தத் தெருவுக்குத் தெரியும். எதிர்க்கடையில் மருந்து வாங்க நின்றவர்கள் பார்த்தார்கள், சோடாக்கடைக்காரர் பார்த்தார், லாரி கிளீனர்கள் பார்த்தார்கள். விரத வயிற்றோடு, உடைக்காமல், வெறும் தண்ணீரில் அவள் அந்த மாத்திரையை விழுங்கினாள். தொண்டையில் சிக்கிக் கண்ணில் நீர் முட்டியது. சொம்பை வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“இவரு மாத்திர நல்ல மாத்திர. எங்கூட்டுலதான் குடுக்கத் தெரியாமக் குடுத்தோம்.”

அப்புறம்தான் இடுப்பிலிருந்து கவரை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் துடைத்து, மறுபடி அலமாரியில் வைத்தார். பிறகு இன்னொன்று.

ஊர் முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எதிர்க்கடை பழகிப்போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஆனால் அந்த மாதக் கடைசியில் கடைச் சாவி கைமாறவில்லை. அரசாங்கத்தில் நான் பார்த்த அளவில் பதில்கள், கேட்டவர் மாறுதலாகியோ ஓய்வு பெற்றோ இறந்தோ போன பிறகே வருவது வழக்கம். இது ஒன்றுதான் உரியவர் கடையை மூடுவதற்கு முன் வந்து சேர்ந்தது. வந்த நாள், அந்த வருடத்துப் பங்குனி மாதக் கிருத்திகை.